கரையொதுங்கிய குட்டியும் பை இல்லாத தாயும்

புதுக்கோட்டை கீழராஜ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், காலால் மிதித்து ஓட்டும் ஓர் அச்சு இயந்திரத்தையும் நாலு எழுத்துப் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு உடையப்பன் ‘தும்பைப்பூ’ என்ற சிறுவர் பத்திரிகையை நடத்தி வந்தான். மாதம் இரண்டு முறை வரும். கதை, பாட்டு, விடுகதை, அறிவியல் கட்டுரை எல்லாம் அவனே எழுதுவான். அவனே எழுத்துக் கோப்பான். படம் மட்டும் அவன் மனைவி செவந்தியுடையது.

அவள் படம் போட வந்தது தற்செயல்தான். படங்களைத் திருச்சிக்கு அனுப்பி அச்சுக்கான பிளாக் செய்யக் கட்டுப்படியாகாமல், உடையப்பன் தரையில் ஒட்டுகிற லினோலியத் துண்டு ஒன்றை வாங்கி வந்து, குடைக்கம்பியைக் கூராகத் தீட்டிச் செதுக்கிப் பார்த்தான். விரலைக் கிழித்துக்கொண்டதுதான் மிச்சம். அந்தக் கம்பியை வாங்கி செவந்தி ஒரு கொக்கைச் செதுக்கினாள். திருவரங்குளத்துக் கண்மாயில் சின்ன வயதிலிருந்து பார்த்த கொக்கு. காகிதத்தில் அது வலப்புறம் பார்க்க வேண்டுமென்றால் லினோவில் இடப்புறம் பார்க்க வேண்டும் என்பதை யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டாள். அன்று முதல் எல்லாப் படமும் அவள் கையால்தான்.

அவளுக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. கண்ணால் பார்க்காததைச் செதுக்க மாட்டாள். சிங்கம் வேண்டுமென்றால் கோயில் தூணில் இருக்கும் சிங்கத்தையாவது போய்த் தடவிப் பார்த்துவிட்டு வருவாள்.

1956 பங்குனியில் அந்தப் பிடிவாதத்துக்குச் சோதனை வந்தது. உடையப்பன் தபால்தலைக்காக அயல்நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்குக் கடிதம் எழுதுகிறவன். மேற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமை விளையும் ஓர் ஊரிலிருந்து மிஸ் ஹார்டிங் என்ற ஆசிரியை பதில் போட்டிருந்தாள். அவர்கள் காட்டில் வாழும் நம்பட் என்ற பிராணியைப் பற்றி நாலு பக்கம் எழுதி, கூடவே வயிற்றில் நாலு குட்டிகள் தொங்கும் ஒரு தாயின் புகைப்படமும் வைத்திருந்தாள். அணிலைவிடப் பெரிது, கீரியைவிடச் சின்னது. அணிலுக்கு முதுகில் நெடுக்கே ஓடும் கோடு இதற்குக் குறுக்கே ஓடியது. கறையானைத் தவிர வேறு எதையும் தின்னாது. கங்காருவைப் போலப் பை விலங்கு இனம். அதன் வயிற்றில் குட்டி வளர்வது பதினாலே நாள்.

உலகத்திலேயே பெரிய தாயான நீலத் திமிங்கலத்தையும் இந்தச் சின்னத் தாயையும் ஒரே பக்கத்தில் வைத்து ‘இரண்டு தாய்கள்’ என்று எழுத வேண்டுமென்று உடையப்பனுக்கு ஆசை வந்துவிட்டது. இரண்டுமே குறைந்துகொண்டு வருகின்றன என்று படித்திருந்தான்.

“படத்துக்கு ஒரு வழி சொல்றேன்” என்றான். “திமிங்கலம் எம்பது அடி. நம்ம பக்கம் ஆறு அங்குலம். அந்தக் கணக்குக்கு நம்பட் எம்புட்டு வரும் தெரியுமா? ஒரு முற்றுப்புள்ளி. டைப்பிலேருந்தே ஒண்ண எடுத்து வச்சிர்றேன். ஒனக்கு வேலை மிச்சம்.”

செவந்தி சிரிக்கவில்லை. அவன் காட்டிய அகராதிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இத வரைஞ்சவரு திமிங்கலத்தப் பாத்ததில்லைங்க” என்றாள்.

அப்போது அவளுக்கு ஏழரை மாதம். இரண்டு வருடத்துக்கு முன் ஒன்று மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோயிருந்தது. அதனால் வீட்டில் எல்லோரும் அவளைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி பார்த்துக்கொண்டார்கள்.

அந்த வாரம் அறந்தாங்கி பஸ் கண்டக்டர் காகிதக் கட்டை இறக்கிவைத்துவிட்டு ஒரு சேதி சொன்னார். கோட்டைப்பட்டினத்தில் வீடு மாதிரி ஒரு மீன் தரைதட்டிக் கிடக்கிறதாம். இன்னும் மூச்சு விடுகிறதாம்.

உடையப்பன் தான் மட்டும் போய்ப் பார்த்து வந்து சொல்கிறேன் என்றான்.

“நீங்க பாத்தா நீங்கதான் வரையணும்” என்றாள் செவந்தி. எழுந்து தலையை வாரிக்கொண்டாள். அடுத்த பஸ்ஸில் இருவரும் ஏறினார்கள்.

கோட்டைப்பட்டினத்தில் இறங்கும்போது உச்சிவெயில். கடலில் அலையே இல்லை. வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் வெள்ளையாக இருந்தன. எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. தூரத்து வள்ளங்கள் தண்ணீரில் மிதக்காமல் காற்றில் தொங்குவது போல நின்றன. ஆழமில்லாத கடல் அது. கரையிலிருந்து ஒரு பர்லாங் தள்ளி ஆட்கள் முழங்கால் தண்ணீரில் நடமாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் கருநீலத் திட்டு ஒன்று கிடந்தது.

செவந்தி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள். வெதுவெதுப்பான தண்ணீர். காலடியில் சேறு தூக்கத்தைப் போல உள்வாங்கிக்கொண்டது. நடக்க நடக்கத் திட்டு தள்ளிப் போவது போலத்தான் இருந்தது. பிறகு ஒரேயடியாக அது அவள் எதிரில் இருந்தது.

மழைக்கு முன் வானத்துக்கு ஒரு நிறம் வருமே, அந்த நிறம். தாடைக்குக் கீழே உழவுசால் ஓட்டியது போல வரிவரியாகப் பள்ளங்கள். பெண்கள் குடத்தில் தண்ணீர் மொண்டு அதன் முதுகில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். உச்சியில் இருந்த இரட்டைத் துளை திறந்தது. புஸ்ஸென்று ஒரு மூச்சு. பாசி வாடையுள்ள தூவானம் எல்லோர் மேலும் விழுந்தது. அடுத்த மூச்சுக்கு வெகுநேரம் ஆயிற்று. அது வரைக்கும் செவந்தியும் மூச்சை அடக்கிக்கொண்டே நின்றாள்.

உடையப்பன் அதன் பக்கவாட்டில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கோல் வைத்து நிலம் அளப்பவன் மாதிரி நடந்தான். திரும்பி வந்தபோது அவன் முகம் மாறியிருந்தது.

“இருவத்தேழு அடி இருக்கும்” என்றான். “செவந்தி, புஸ்தகத்துல உள்ளபடி பாத்தா இது குட்டி. பொறந்து ரொம்ப நாள் ஆகலை.”

வடத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற மீனவர் ராக்கன் அவனை மேலும் கீழும் பார்த்தார். இரண்டு வள்ளங்களைக் கட்டிக் காலையிலிருந்து இழுத்துப் பார்த்து ஓய்ந்திருந்தவர் அவர்.

“குட்டியா? முப்பது வருசமா கடலுக்குப் போறேன். இம்புட்டுப் பெருசுல குட்டியா?”

“பால்குடி மறக்காத குட்டிங்க. தாய் எம்பது அடி இருக்கும். இந்தக் கொஞ்ச ஆழத்துக்குள்ள அதால வர முடியாது.”

ராக்கன் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு கிழக்கே வெகுநேரம் பார்த்தார். “அப்ப அது வெளிய எங்கிட்டாச்சும் நிக்கிதோ என்னமோ” என்றார். குடம் வைத்திருந்த பெண்கள் முன்னைவிட வேகமாகத் தண்ணீர் மொள்ளத் தொடங்கினார்கள்.

செவந்தி உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள். உரித்த நுங்கு மாதிரி வழவழப்பு. வாய் முடிகிற இடத்தில் சாத்துக்குடி அளவுக்கு ஒரு கண். அந்த உடம்புக்கு அது மிகச் சின்னக் கண். அது அவளைப் பார்த்ததா, வெயிலைப் பார்த்ததா, தெரியாது. அது மெல்ல மூடித் திறந்தபோது அவள் வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது.

கரைக்குத் திரும்பி வள்ளத்து நிழலில் உட்கார்ந்ததும் இடுப்பில் முதல் வலி வந்தது. பஸ் குலுக்கலாக இருக்கும் என்று நினைத்தாள். இரண்டாவது வலியில் மணலைக் கையால் பிடித்துக்கொண்டாள். குடத்தை இறக்கிவைத்துவிட்டுப் பக்கத்தில் வந்த ஒரு பெண் அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். அவள் பெயர் ராவியத்தம்மாள். கணவர் மலாயாவில் கடை வைத்திருந்தார். பெரிய வீட்டில் தனியாக இருந்தவள்.

“எத்தனை மாசம் தங்கச்சி?”

செவந்தி சொன்னாள்.

“எந்திரி. நம்ம வீடு இந்தா தெரியுது பாரு” என்று கையைப் பிடித்துத் தூக்கினாள்.

மீனவர் தெருவில் பிரசவம் பார்க்கும் ஆரோக்கியம்மாளைக் கூட்டிவர ஆள் ஓடியது. உடையப்பன் வாசலில் நின்றான், உட்கார்ந்தான், மறுபடி நின்றான். பொழுது சாய்கிற நேரத்தில், பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடித்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம், பெண்குழந்தை பிறந்தது. அழுகை பூனைக்குட்டிச் சத்தம் மாதிரி ஒரே ஒரு தடவை வந்தது. ஆரோக்கியம்மாளின் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது பிள்ளை. தோல் சிவந்து, முதுகெல்லாம் பூனைமயிர்.

அதே நேரத்தில் கடலில் அந்தக் குட்டியின் மூச்சு நின்றுவிட்டது என்று வெளியே யாரோ சொன்னது செவந்தியின் காதில் விழுந்தது. வெகுதூரத்துச் சேதி மாதிரிதான் கேட்டது.

“இதத் தரையில விடக்கூடாது தாயி” என்றாள் ஆரோக்கியம்மாள். “தொட்டில்லயும் விடக்கூடாது. சூடு ஆறுனா போயிரும். நெஞ்சோட வச்சு, துணியச் சுத்திக் கட்டிக்க. ஒன் ஒடம்புச் சூடுதான் இதுக்கு வீடு. ஒக்காந்தே தூங்கு. நான் சொல்றப்பதான் எறக்கணும்.”

பிள்ளையை வெறும் நெஞ்சில் வைத்து, ராவியத்தம்மாளின் பழைய மல் துணியால் இருவரையும் சேர்த்துக் கட்டினாள். பிள்ளைக்குச் சப்பத் தெரியவில்லை. பாலைப் பீய்ச்சிப் பாலாடைச் சங்கில் சொட்டுச் சொட்டாக விட வேண்டியிருந்தது.

அப்படித் தொடங்கிய நாட்களுக்குக் கிழமை கிடையாது. கடலைப் பார்த்த அறை அது. சுவரில் சாய்ந்து, இரண்டு தலையணைக்கு நடுவில் செவந்தி உட்கார்ந்திருப்பாள். பகலில் தண்ணீரின் வெளிச்சம் ஜன்னல் வழியே வந்து கூரையில் நெளியும். பார்த்துக்கொண்டே கண் சொருகும். தூங்குகிறாளா விழித்திருக்கிறாளா என்பது அவளுக்கே தெரியாது. நெஞ்சில் இருக்கும் அந்தச் சின்னச் சூடு ஒன்றுதான் நிச்சயம்.

ஆரோக்கியம்மாள் காலையும் மாலையும் வந்து, புறங்கையால் பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பாள். தலையை ஆட்டிவிட்டுப் போவாள். அந்தத் தலையாட்டலுக்காகவே செவந்தி பகல் முழுக்கக் காத்திருந்தாள்.

ஒரு நாள் அவளிடம் கேட்டாள். “நான் பஸ்ல வராம இருந்திருந்தா இது நிறைமாசமாப் பொறந்திருக்குமாம்மா?”

ஆரோக்கியம்மாள் கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். “அறையவிட்டு வெளிய வராதவளுக்கும் ஏழு மாசத்துல பொறந்திருக்கு. ஒரலு இடிச்சவளுக்குப் பத்து மாசம் தாண்டியும் பொறந்திருக்கு. எனக்குத் தெரியாது தாயி. தெரியாதத நீயும் தலையில தூக்கிக்கிறாத.”

நண்பகல் ஒன்றில் அவளுக்கு ஒரு கனவு வந்தது. கடலுக்கடியில் அவள் நடந்துகொண்டிருந்தாள். மூச்சுமுட்டவில்லை. கடலடி முழுக்கத் திருவரங்குளத்துச் செம்மண். அங்கங்கே கறையான் புற்றுகள். ஒரு புற்றின் மேல் முன்கால்களைத் தூக்கிவைத்துக்கொண்டு, குறுக்குக்கோடு போட்ட அந்தச் சின்னப் பிராணி நாக்கை நீட்டி நக்கிக்கொண்டிருந்தது. அதன் வயிற்று மயிருக்குள் நாலு குட்டிகள் நாலு பயறு மாதிரி தொங்கின. அப்போது மேலே நிழல் விழுந்தது. வானம் நகர்வது போல ஒரு வயிறு அவர்கள் தலைக்கு மேல் போய்க்கொண்டே இருந்தது. முடிவே இல்லை. போகிற வழியில் அதிலிருந்து பால், மேகம் கலைவது போலத் தண்ணீரில் கலைந்தது. சின்னப் பிராணி நிமிர்ந்து பார்த்தது. பயப்படவில்லை. திரும்பவும் தன் புற்றை நக்கத் தொடங்கியது.

விழித்தபோது முந்தானை பாலில் நனைந்திருந்தது. அன்றைக்குத்தான் பாலாடை இரண்டு முறை நிரம்பியது.

உடையப்பன் மூன்று நாளைக்கு ஒரு முறை பஸ்ஸில் வந்தான். பழம், வெந்நீருக்கு பிளாஸ்க், துவைத்த புடவைகள். பிள்ளையைப் பார்ப்பான். தொட மாட்டான். “என் வெரலு எழுத்துக் கோத்து மரத்துப்போச்சு, செவந்தி. இது காகிதம் மாதிரி இருக்கு” என்பான். கரையில் பள்ளம் தோண்டித் திமிங்கலக் குட்டியைப் புதைத்துவிட்டார்கள் என்ற செய்தியை அவன்தான் தயங்கித் தயங்கிச் சொன்னான். செவந்தி தலையசைத்தாள்.

பதினெட்டாம் நாள் அவன் கட்டுரையின் அச்சுப்படியைக் கொண்டுவந்தான். பத்திரிகை ஏற்கெனவே இரண்டு இதழ் தவறியிருந்தது. படம் இல்லாமலே போட்டுவிடலாம் என்று சொல்ல வந்திருந்தான்.

“மொதல்ல படிங்க” என்றாள்.

ராவியத்தம்மாளும் வந்து கதவோரம் உட்கார்ந்தாள். உடையப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தான். நீலத் திமிங்கலம் ஏறக்குறைய ஒரு வருடம் குட்டியைச் சுமக்கிறது. பிறக்கும்போதே குட்டி ஒரு மாட்டுவண்டியையும் மாட்டையும் சேர்த்ததைவிட நீளம். நம்பட் பதினாலே நாள் சுமக்கிறது. பிறக்கும் குட்டி ஒரு மொச்சைக்கொட்டை. ஒன்று பிறந்தவுடன் தாயோடு நீந்துகிறது. மற்றது மாதக்கணக்கில் தாயின் வயிற்றைக் கவ்விக்கொண்டு தொங்குகிறது. ஒன்று பெருங்கடல்கள் முழுக்கச் சுற்றுகிறது. மற்றது ஒரு காட்டைவிட்டு வெளியே போனதில்லை. இரண்டுமே குறைந்துகொண்டு வருகின்றன.

“அதுகளயும் கொல்றாகளா?” என்று கேட்டாள் ராவியத்தம்மாள்.

“திமிங்கலத்தக் கப்பல்ல பீரங்கி வச்சுச் சுடுறாங்க. எண்ணெய்க்காக. சோப்புப் பண்ண. நம்பட்ட யாரும் தேடிப் போய்க் கொல்லலை. கோதுமை போடக் காட்ட அழிச்சாங்க. வேட்டையாடி வெளையாட நரியக் கொண்டாந்து விட்டாங்க. நரி தின்னுருது.” உடையப்பன் தாளை மடியில் வைத்தான். “ஒண்ண மனுசன் பாத்துக் கொல்றான். இன்னொண்ண அது இருக்கிறதே தெரியாமக் கொல்றான். அம்புட்டுத்தான் வித்தியாசம்.”

“அத எழுதியிருக்கீங்களா?” என்றாள் செவந்தி.

“பிள்ளைக பத்திரிகையில அப்பிடி எழுதலாமான்னு யோசிச்சேன்.”

“எழுதுங்க. மேல படிங்க.”

அவன் படித்தான்: “‘நம்பட்டுக்கு ஒரு குறை உண்டு. பை விலங்கு இனத்தில் பிறந்தும் அதற்குக் கங்காருவைப் போலப் பை கிடையாது. ஆகவே அதன் குட்டிகள் பாதுகாப்பின்றி...’”

“நிறுத்துங்க” என்றாள் செவந்தி.

உடையப்பன் நிமிர்ந்தான். அவள் நெஞ்சின் மேல் கட்டியிருந்த துணிக்குள்ளிருந்து ஒரு சின்னஞ்சிறு கை வெளியே வந்திருந்தது. அதை ஒரு விரலால் உள்ளே தள்ளிவிட்டு அவள் சொன்னாள்:

“கொறைன்னு எழுதாதீங்க. பை இல்லாட்டி என்ன, அது குட்டிகள வச்சுக்கிட்டுத்தானே இருக்கு. வெயில்ல, மழையில, கறையான் தேடிப் போறப்ப, நரியப் பாத்து ஓடுறப்ப எல்லாம் வச்சுக்கிட்டுத்தானே ஓடுது. பை இருக்கிறவ கைய வீசி நடக்கலாம். இதுக்கு அது முடியாது. அத எழுதுங்க.”

உடையப்பன் பென்சிலை எடுத்து அந்த வரியை அடித்தான். பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டான்.

“லினோவக் கொண்டாந்தீங்களா?” என்று கேட்டாள்.

அவன் பையில் எப்போதும் ஒரு துண்டு இருக்கும். கம்பியும் இருந்தது. ஒரு பலகையை முழங்காலில் வைத்து, பிள்ளையின் தலைக்கு மேலே கையை நீட்டி, அவள் செதுக்கத் தொடங்கினாள். சுருள்சுருளாகத் துகள் விழுந்தது. பிள்ளை மேல் விழாமல் ராவியத்தம்மாள் துணியைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நாளைக்குக் கால்மணி நேரத்துக்கு மேல் கை ஓடாது. ஆறு நாள் ஆயிற்று.

அவள் முழுத் திமிங்கலத்தைச் செதுக்கவே இல்லை. பக்கத்தின் ஒரு பாதி முழுக்க வரிப்பள்ளங்கள், அவற்றின் மேலே வாய் முடியும் இடம், ஒரு கண். உடம்பு பக்கத்தைவிட்டு வெளியே எங்கோ போய்க்கொண்டிருந்தது. மறுபாதியில் நம்பட், அதே உயரத்துக்கு. வயிற்று மயிரில் நாலு குட்டிகள். இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவில்லை.

“அளவு தப்பா இருக்கேன்னு பிள்ளைக கேப்பாங்களே” என்றான் உடையப்பன்.

“அளவத்தான் நீங்க எழுதிட்டீங்களே” என்றாள்.

அந்த இதழ் சித்திரைக் கடைசியில் வந்தது. பொன்னமராவதியிலிருந்து ஒரு சிறுமி, நம்பட் எங்கள் ஊர்ப் புற்றுக்கு வந்தால் நரி இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாள். மிஸ் ஹார்டிங்குக்கு ஒரு பிரதி கப்பலில் போயிற்று.

நாற்பத்தொன்பதாம் நாள் ஆரோக்கியம்மாள் வழக்கம்போலப் பாதத்தைத் தொட்டாள். பிறகு பிள்ளையை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். தொடையில் மடிப்பு விழுந்திருந்தது. பிள்ளை வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதது.

“ராசாத்தி, என்னா கோவம் ஒனக்கு” என்றாள் அவள். அதுவே பெயராகிவிட்டது. “இனி எறக்கலாம் தாயி. ஊருக்குப் போ.”

புறப்படும்போது செவந்தி ராவியத்தம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா” என்றாள்.

“போய்ட்டுப் பொஸ்தகம் அனுப்பு” என்றாள் ராவியத்தம்மாள். “நான் எழுத்துக்கூட்டிப் படிச்சிருவேன்.”

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வண்டி கிளம்பியதும் உடையப்பன் முழங்கையை மடக்கி இரண்டு கையையும் நீட்டினான். அவனாகவே. செவந்தி பிள்ளையைக் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். பிள்ளை கைமாறியதும் அவள் நெஞ்சில் காற்றுப் பட்டது. ஏழு வாரமாகக் காற்றே படாத இடம். குளிர்ந்து, லேசாகி, இனி அந்த இடத்தை என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தது. சொல்ல வாய் திறப்பதற்குள் தூங்கிப்போனாள்.

அறந்தாங்கியில் வண்டி நின்று வெள்ளரிப்பிஞ்சு விற்பவர்களின் சத்தத்தில் விழித்தாள். உடையப்பன் ஏறியபோது எப்படி உட்கார்ந்திருந்தானோ அப்படியே இருந்தான். அவன் சட்டையின் மேல்பொத்தான்கள் திறந்திருந்தன. உள்ளே ராசாத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.

“அழுதுச்சா?”

“அழுதுச்சு. பெறகு நின்னுருச்சு.”

“கை வலிக்கலையா?”

“வலிக்கிது” என்றான். “நீ தூங்கு.”

அவள் கையை நீட்டவில்லை. ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். வண்டி மேற்கே திரும்பியது.